சோலார் பேனலுக்கு ஒரு மேற்பார்வையாளர்

எங்கள் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகவே, ஏதாவது அசைந்தால் தானே படமெடுக்கும் கேமரா ஒன்றை மாமனார் வாங்கிவந்து, கூண்டுக்கு எதிரே கம்பத்தில் மாட்டினார். அதற்குச் சார்ஜ் ஏற்ற, பக்கத்திலேயே ஒரு சின்ன சோலார் பேனல். சார்ஜ் ஏறினால் பச்சை விளக்கு எரியும், ஏறாவிட்டால் சிவப்பு.

மாமனார் முப்பது வருடம் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேனலுக்கு நேர் எதிரே குனிந்து நின்று விளக்கைப் பார்ப்பார். நான் வெங்காயம் நறுக்கும்போதும் இப்படித்தான் வந்து நிற்பார். விளக்கு தினமும் சிவப்பு. கடைக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினார். அவர் இரண்டு முறை பேனலை மாற்றிக் கொடுத்தும் சிவப்புதான்.

மூன்றாம் முறை கடைக்காரரே நேரில் வந்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மாமனார் நகர்ந்தார். பச்சை எரிந்தது. சந்தேகம் தீராமல் மறுபடி கிட்டே வந்தார். சிவப்பு.

"உங்க நிழல்தாங்க பேனல் மேல விழுது. நீங்க பாக்காம இருந்தா அது பாட்டுக்கு ஏறும்."

"அப்ப ஏறுதா இல்லையான்னு யாருய்யா பாக்கறது?" என்றார் மாமனார்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் திரும்பக்கூட இல்லை.

"யாரும் பாக்க வேணாம். நீங்க ஆலைக்குப் போயிட்டிருந்த வரைக்கும் இந்த வீட்டுல எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு."