பையின் கொக்கி

அந்த அறையில் நாங்கள் நான்கு நிமிடம் காத்திருந்ததாகத்தான் இதுவரை சொல்லிவந்திருக்கிறேன். ஒரு நிமிடமாகவும் இருந்திருக்கலாம். என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை.

அப்போது ஓசியெக் நகரில் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. வாரம் இரண்டு நாள் ஒரு பள்ளியில் சேவை செய்து, அதைப் பற்றி நாட்குறிப்பு எழுத வேண்டும், மதிப்பெண் அதற்குத்தான். உதவி செய்ய எனக்குக் கிடைத்த மாணவி தேனா. எட்டு வயது. விரல்கள் விறைத்திருக்கும், பேச்சு தாமதமாக வரும்.

"நான் இல்லாவிட்டால் தேனாவால் பையைக்கூடத் திறக்க முடியாது" என்று நாட்குறிப்பில் எழுதியிருந்தேன். பேராசிரியை யாகொடா அந்த வரியை மெச்சினார். பள்ளி கேட்டபோது பிரதியும் அனுப்பினார். தேனா இதே வகுப்பில் இருப்பதா, ஊருக்கு வெளியே சிறப்புப் பள்ளிக்குப் போவதா என்று முடிவு செய்யும் குழுவின் கையில் அது இருந்தது.

குழு கூடிய நாளில், பள்ளித் தாழ்வாரத்தில் அவள் அம்மா பிளாங்கா என்னை மறித்தார்.

"வீட்ல அவளேதான் பை திறக்கிறா, ரொட்டில ஜாம் தடவிக்கிறா. உன் நோட்டுல நீ மகராசி, எம்பொண்ணு மூட்டையா?"

"அப்படி நெனச்சு எழுதலக்கா..."

"அக்காவாம்! உள்ள போய்ச் சொல்லு."

உள்ளே யாகொடா என் காதருகே குனிந்தார். "மிர்தா, எழுதினது பொய்னு நீயே சொன்னா உன் சேவை மணிநேரமெல்லாம் ரத்து. யோசிச்சுக்கோ."

குழுத் தலைவரான டாக்டர் என் வரியைச் சத்தமாக வாசித்தார்.

"அது தப்பு, டாக்டர்," என்றேன். "அவ திறக்கட்டும்னு நான் ஒருநாளும் காத்திருந்ததில்ல. நானே திறந்துடுவேன்."

"இத இப்பத்தான் சொல்றீங்களாக்கும்?" அவர் மேசைமேல் இருந்த பையை எதிரே அமர்ந்திருந்த தேனாவின் முன் நகர்த்தினார். "பென்சில் எடு பாப்பா, பாக்கலாம்."

தேனா பையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மூன்று மாதமாக நான் பழக்கியது அதைத்தான். என் கை கொக்கியை நோக்கித் தானாக எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அமர்ந்துகொண்டேன். வெளியே டிராம் போயிற்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொரு டிராம் போயிற்று.

தேனா பையைத் தன் பக்கம் இழுத்தாள். கொக்கி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை குனிந்து கடித்துத் திறந்தாள்.

"பல்லாலயா?" என்றார் டாக்டர்.

"என்... பல்லு," என்றாள் தேனா.

ஓராண்டு இதே வகுப்பில் வைத்துப் பார்க்கலாம் என்று குழு எழுதியது. தேனா எட்டாம் வகுப்பு வரை அங்கேயே படித்தாள். இப்போது தபால் நிலையத்தில் வேலை செய்கிறாள். என் சேவை மணிநேரங்கள் ரத்தாயின. அந்த ஆண்டைத் திரும்பப் படித்தேன். யாகொடா ஓய்வு பெற்றுவிட்டார். பிளாங்கா அதன்பின் என்னோடு பேசியதில்லை. நான் பத்து ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன்.