பக்கிரிசாமி அண்ணன் உழுவாரா?

…மழையாலா, வைக்கோலாலா, எதனால் என் கத்தரி அப்படிக் காய்த்தது என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல, கேட்டவர் பக்கத்துத் தோட்டக்காரர் பக்கிரிசாமி அண்ணன், கேட்டுவிட்டு நிம்மதியாகக் கடலைப் பார்க்கிறார், தெற்கே பாலத்துக்குத் தூண் எழும்புவதைப் பார்க்கிறார், ஃபெர்ரி பட்டர்வொர்த்தை விட்டுவிட்டது, அக்கரையில் இறங்கியதும் டிராக்டர்காரன் அர்ஜுனனுக்குப் போன் போட்டு வா என்றோ வராதே என்றோ சொல்லியாக வேண்டும், அதை நான் முடிவு செய்ய வேண்டுமாம். என் நிலமா அது? "நீ உழாம, கொளுத்தாம, வைக்கோலப் போட்டு மூடி நட்டே, காய்ச்சுதுல்ல? நானும் செய்யவா வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லு தம்பி." ஒரே வார்த்தை… பினாங்கு ஸ்ட்ரீட்டில் அப்பாவின் மசாலாக் கடையில் வளர்ந்தவன் நான், அங்கே சீரகம் வாங்க வருகிறவர்கூட முகர்ந்து, கடித்து, பக்கத்துக் கடையைப் புகழ்ந்து, கோபித்துக்கொண்டு போய்த்தான் திரும்பி வருவார், இவர் என்னடாவென்றால் இருக்கிற ஒரே நிலத்தை என் நாக்கில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஏன் உழவில்லை? விவசாய இலாகா ஆள் வந்து ஈரம் நிற்கும், மண்புழு வரும் என்றெல்லாம் படம் காட்டினார், தலையாட்டினேன், நம்பினேனா… அந்தச் சமயம் அர்ஜுனனின் டிராக்டர் பழுதாகிக் கிடந்தது, எனக்கோ இடுப்புப் பிடிப்பு, அவ்வளவுதான், அப்புறம் எங்கள் ஊர் புக்கிட் தெங்காவே சோம்பேறித் தோட்டம் என்று கிண்டல் பண்ணப் பண்ண எனக்கு வீம்பு ஏறி, வீம்பு கொள்கையாகி… அப்படியானால் வெறும் சோம்பலையா கொள்கை என்று விற்றேன்? இல்லையே, மண்ணை அள்ளினால் ரவை மாதிரி உதிர்ந்ததே, அது பொய்யா, ஆனால் மழையும் அந்த வருஷம் நன்றாகத்தானே பெய்தது… காய்க்காமல் போயிருந்தாலும் அப்பா கடையில் எனக்குச் சோறு உண்டு. இவருக்கு? அந்தத் துண்டு நிலம் காலை வாரினால் இவர் வீட்டில் அடுப்பு எரியாது.

"பாதிய உழுங்க, பாதிய மூடிப் போடுங்க அண்ணே," என்றேன், கடைக்காரன் மகன் புத்தி. "பாதித் தலைய மட்டும் செரைச்சுக்கிட்டு ஊருக்குள்ள போகச் சொல்றியா லா?" சிரித்ததில் அவர் மடியிலிருந்த கூடை ஆடியது. பிறகு குரல் இறங்கியது. "மண்ணப் பத்திப் பயமில்ல தம்பி. நாளைக்குக் காய்க்கலன்னா எங்க வீட்டுக்காரி லெட்சுமி கேப்பா, யார் பேச்சக் கேட்டு இப்படிப் பண்ணீங்கன்னு. சொல்றதுக்கு ஒரு பேரு வேணும்ல?" அட, மனுஷன் யோசனை கேட்கவில்லை, பழி போட ஆள் தேடுகிறார், எனக்காவது பழுதான டிராக்டர் கிடைத்தது… உழுங்க என்று சொல்லிவிட்டால் வம்பே இல்லை, ஊரே உழுகிறது, நட்டப்பட்டாலும் யாரும் என் வாசலுக்கு வரப்போவதில்லை, சொல்லேன், சொல்லித் தொலையேன்… ஃபெர்ரி அக்கரைத் துறையில் இடித்து நின்றது. "அர்ஜுனன வர வேணாம்னு சொல்லிடுங்க," என் வாய்தான் சொன்னது. "அப்ப உன் பேரச் சொல்லிருவேன், ஆமா!" முகமெல்லாம் பல்லாக, கூடையைத் தூக்கிக்கொண்டு டெலிபோனைத் தேடி ஓடுகிறார், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், கூப்பிடலாம்… அவர் மண்ணை நினைத்தா சொன்னேன்? அந்த நேரத்தில் என் கண்முன் வந்தது அவர் வீட்டு அடுப்புகூட இல்லை, என் தோட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வைக்கோல் மூடிக் குப்பைமேடு மாதிரிக் கிடப்பதுதான், அதை நினைத்தால் எனக்கு ஏன் இவ்வளவு தெம்பாக இருக்கிறது…