பியரில் நனைத்த பஞ்சு

சிவகௌரி சமையலறைக் கத்தரிக்கோலால் கொடியை வெட்டி இழுத்தாள். அது இலேசில் வரவில்லை. கயிற்றைச் சுற்றிச் சுற்றி வேலிக்கு மேலே ஏறியிருந்த தண்டு முழுக்கச் சொரசொரப்பு. முழங்கை வரை கீறிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கொடியைத் தொட்டதே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் யன்னலால் பார்த்து, அதென்ன கொடி என்று கேட்டால், "ஏதோ பூக்கொடி, இவர் வைச்சது" என்று சொல்லித் திரைச்சீலையை இழுத்துவிடுவாள்.

முன்னறையில், ஆஸ்பத்திரிக்காரர் கொண்டுவந்து போட்ட கட்டிலில் அவளுடைய புருசன் விஜயரத்தினம் கிடந்தார். கணையத்தில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தண்ணீரும் இறங்காமல் போய்விட்டது. அன்று காலை கண் திறந்து அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"கௌரி, ஹொப்ஸ் பழுத்திட்டுதோ? ஒரு கொப்பு வெட்டிக்கொண்டு வாரும்."

கொண்டுபோனாள். பச்சையாக, பெருவிரலளவில், செதில் செதிலான பூக்கள். வாங்கிப் பார்க்க அவரால் கையைத் தூக்க முடியவில்லை.

"என்ர காதுக்குக் கிட்ட வைச்சு நசியும்."

நசித்தாள். கடதாசி கசங்குவதுபோலச் சரசரத்தது. உள்ளிருந்த மஞ்சள் தூள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தோடம்பழத் தோலும் பச்சைப் புல்லும் கலந்த ஒரு மணம்.

"பழுத்திட்டுது," என்றார். "இனிக் கொடியில விட்டா மண்ணிறமாப் போடும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஷெட்டுக்குள்ள போன வருசத்து ஹொப்ஸில காய்ச்சின பியர் கிடக்கும். ஒரு வாய்…"

சிவகௌரி காதில் விழாததுபோலப் போர்வையைச் சரிசெய்தாள்.

ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் அவர், பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற இந்த ஹொப்ஸ் பூவின் தோட்டமொன்றில் கூலிக்கு நின்றவர். வேலை முடிந்த முதல் நாள் பின்னேரம் தோட்டக்காரக் கிழவி அவரைத் தன் குடும்பத்தோடு மேசையில் இருத்தி, ஒரு கிளாஸ் பியர் ஊற்றி வைத்தாளாம். "போன நாட்டில முதன்முதலா என்னை இரு எண்டு சொன்னது அந்த மனுசிதான்" என்று சொல்வார். லண்டனுக்கு மாறி, மிச்சம் என்கிற பகுதியில் வீடு எடுத்ததும் பின்வளவில் அவர் நட்டது ஹொப்ஸ் கிழங்கைத்தான். பஸ் ஓட்டுகிறவர், ஞாயிறு வேலை இல்லையென்றால் மட்டும் சனி பின்னேரம் ஒரு கிளாஸ். அந்தக் கிளாஸை அவள் ஒருநாளும் கழுவியதில்லை.

வருத்தம் கண்டுபிடித்த அன்றே, இது பியரால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அந்தப் பதில் அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது.

மத்தியானம் குட்மேய்ஸ் பகுதியிலிருந்து அவளுடைய அண்ணன் இராசரத்தினம் வந்தார். கோயில் தீர்த்தத்தை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தார். நெற்றியில் திருநீறு பூசி, நர்ஸ் விட்டுப்போன குச்சிப் பஞ்சைத் தீர்த்தத்தில் தோய்த்து மச்சானின் உதட்டில் வைத்தார். விஜயரத்தினத்தின் வாய் அசையவில்லை. தீர்த்தம் கடைவாயால் வழிந்து தலையணையில் இறங்கியது.

மகள் சயந்தினி அதைத் துடைத்தாள். "அம்மா, நர்ஸ் சொன்னவதானே, அப்பாக்குப் பிடிச்ச எதிலயும் தோய்க்கலாம் எண்டு. டீ, ஜூஸ், எனிதிங்."

நர்ஸ் பியரையும் சொன்னவள். மகள் மாமாவுக்கு முன்னால் அதை விட்டுவிட்டாள். சிவகௌரி எழுந்து பின்கதவைத் திறந்துகொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

பியர்ப் போத்தலை அவள் சமையலறையில் திறந்தபோது புஸ்ஸென்று கேட்டது. இராசரத்தினம் வாசலில் வந்து நின்றார்.

"உனக்கென்ன விசரே கௌரி?"

"அவர் கேட்டவர் அண்ணை."

"சாகக் கிடக்கிற மனுசன் ஆயிரம் கேக்கும். தீர்த்தம் வைச்ச வாயில இதை வைக்கப் போறியே? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? குடிச்சுத்தான் செத்தவனெண்டு இப்பவே கதைக்குதுகள்."

அவள் ஒரு கோப்பையில் ஊற்றினாள். நுரை மேசையில் வழிந்தது.

"எங்களைப் பெத்த ஐயாவைக் கள்ளுத் தவறணையிலயிருந்து தோளில தூக்கிக்கொண்டு வந்தது நான். ரோட்டில சனம் பாத்துச் சிரிச்சது என்னை. நீயில்லை." கோப்பையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த மணத்தை நான் உன்ர வீட்டில எதிர்பாக்கேல்லை."

"இவர் ஐயா இல்லை அண்ணை," என்றாள். அவரை விலத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"இஞ்சாருங்கோ," என்று குனிந்து கூப்பிட்டாள். பஞ்சைத் தோய்த்து உதட்டில் வைத்தாள். விஜயரத்தினம் அதைப் பல்லால் பிடித்துக்கொண்டார். இழுத்தும் விடவில்லை. சயந்தினி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். பஞ்சு மெல்ல வற்றியது. இன்னொரு முறை தோய்த்தாள். இன்னொரு முறை.

"கொஞ்சம்… கசப்புக் கூடிப்போச்சு," என்றார்.

அதன்பிறகு அவர் பேசவில்லை. வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமைத் தெரு அமைதியாக இருந்தது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரு இடைவெளி முடியவேயில்லை.

இராசரத்தினம் கூடத்தில் நின்று போனில் ஒவ்வொருவராகச் சொன்னார். "ஓம், இப்பதான். அமைதியாப் போட்டார். தீர்த்தம் பருக்கினனான், குடிச்சிட்டுத்தான் போனவர்." அடுத்த போன். அதே வசனம். ஒவ்வொரு தடவையும் சிவகௌரிக்கு அது கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வதுபோல இருந்தது.

நர்ஸ் வந்து மரணத்தை உறுதிசெய்து போனாள். பின்னேரமாகச் சனம் வரத் தொடங்கியது. கதவருகே சப்பாத்துகள் குவிந்தன. அடுத்த தெருவிலிருந்து வந்த பிரியந்தி பக்கத்தில் இருந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதையுங்கோ அக்கா. கடைசியில தீர்த்தம் குடிச்சுப் போனவராமே. ஆருக்குக் கிடைக்கும்?"

கூடத்தில் அண்ணனின் போன் பேச்சு நின்றிருந்தது. அவர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபது தாண்டிய மனிதன், கோயிலுக்குக் கட்டிய வேட்டியோடு, கெஞ்சுகிற மாதிரி ஒரு முகம்.

"தீர்த்தம் இறங்கேல்லை," என்றாள் சிவகௌரி. "பியர்தான் குடிச்சவர். அவரே காய்ச்சினது. நான்தான் பருக்கினன்."

பிரியந்தி கையை எடுக்கவில்லை; ஆனால் அந்தக் கை அசையாமல் போனது. யாரோ தேத்தண்ணீர்க் கோப்பையைத் தட்டில் வைத்த சத்தம் கேட்டது. இராசரத்தினம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு முன்கதவுப் பக்கமாகப் போனார். குவிந்திருந்த சப்பாத்துகளைக் குனிந்து சோடி சோடியாக ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

அடக்கச் சேவைக்காரர் வந்து விஜயரத்தினத்தைக் கொண்டுபோன பிறகு, சனமும் ஒவ்வொருவராகக் கலைந்தது. கட்டில் மட்டும் முன்னறையில் கிடந்தது. உடம்பில் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கிடந்த இடம் மெல்ல உயர்ந்தது, மெல்லப் பதிந்தது.

"அம்மா, இதை ஓஃப் பண்ணட்டே?" என்று சயந்தினி கேட்டாள்.

"விடு பிள்ளை," என்றாள் சிவகௌரி. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மெத்தை மறுபடி உயர்ந்தது.