முன்கூட்டியே கழுவ வேண்டிய கால்

பேச்சு போய்ப் படுத்த படுக்கையாகிவிட்ட மாமனாரின் காலில் ஆறாத சர்க்கரைப் புண். நாலு வருஷமாகச் சீழ் துடைத்தும் சின்ன மருமகளுக்கு ஒருநாள்கூடக் குமட்டியதில்லை. இன்றைக்குக் குமட்டியது.

சர்ச்சில் வேதபாட வகுப்பு நடத்தும் மூத்த மகன் ஆறு மாதம் கழித்து அப்பாவைப் பார்க்க வந்திருந்தார், வகுப்பிலுள்ள பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு. இயேசு, பேதுரு முதலிய தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதை அப்பாவின் காலில் செய்தே காட்டப்போகிறாராம். இடுப்பில் இஸ்திரி போட்ட புதுத் துண்டு, கையில் பளபளக்கும் பேசின்.

கூடத்தில் கிடந்த அப்பாவின் கட்டிலை நெருங்கியவர் மூக்கைச் சுளித்தபடி அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாத்தம் குடலைப் புடுங்குது. நீ முதல்ல மருந்து போட்டு நல்லா கழுவி விட்டுடு. அப்புறம் நான் கழுவுறேன்."

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. ஊருக்குத்தான் உபதேசம்! பேசினைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, பத்துப் பேர் காதிலும் விழும்படி கேட்டாள்:

"ஏன் அத்தான், பேதுரு காலையும் முன்னாடியே யாராவது கழுவி வெச்சிருந்தாங்களா?"

மாமனார் தன் காலை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.