கண்டவர் கொடுக்க வேண்டும்

1

இந்தக் கதை பிறந்த இடம் தேரூர் குளத்தங்கரை. மே மாதக் கடைசி ஞாயிறு, முதல் ஆராதனை முடிந்து வெயில் ஏறுவதற்குள் பிறந்தது. அன்று ஒரு மொட்டைத் தென்னையின் பொந்தில் நான் ஒன்றைக் கண்டேன். வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக விழுகிறது. அச்சில் வரும்போது இது உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவைக்கிறேன்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கோடை முடியும் தறுவாயில் நாஞ்சில் நாட்டுக் குளங்களில்..." (இது பேருந்து நிலையத்தில் வைக்கும் சுற்றுலாப் பலகை.)

"என் கணவர் ஞானதாசன் போன ஐப்பசியில் காலமானார். அவர்..." (இது பத்திரிகையில் வரும் நினைவுநாள் விளம்பரம். அந்த 'அவர்'க்கு மேல் என்னால் போகவும் முடியவில்லை.)

"நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை." (இது சரியான வாக்கியம். ஆனால் கதையின் முடிச்சை முதல் வரியிலேயே அவிழ்த்துவிடுகிறது.)

மூன்றிலும் இடறுவது 'நான்'. 'நான்' என்று எழுதினால் பேனா அவருடைய ஆஸ்பத்திரி நாட்களுக்கே ஓடுகிறது. எனக்கு இன்று எழுத வேண்டியது பறவை. ஆகவே ஜெபகனி என்று ஒருத்தியை வைத்துக்கொள்கிறேன். என் பெயரும் அதுதான், அதனால் பெரிய பொய்யில்லை. இனி நான் அடைப்புக்குறிக்குள் மட்டும் வருவேன்.

2

நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருந்த ஞானதாசனுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. ஆராதனை முடிந்ததும் அவருடைய ஸ்கூட்டர் வீட்டுக்குத் திரும்பாமல் சுசீந்திரம் பக்கமோ தேரூர் பக்கமோ திரும்பும். வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் இருக்கும் பையின் அடியில் பைனாகுலரும் இருக்கும். வெள்ளை வேட்டியும் பட்டுச்சேலையுமாகக் குளத்தங்கரைச் சேற்றில் நிற்கும் கணவன் மனைவியைப் பார்த்து, கல்யாண மண்டபத்துக்கு வழி சொன்னவர்கள் உண்டு.

பைனாகுலர் ஒன்றே ஒன்று. சவுதியிலிருந்து ஞானதாசனின் தம்பி கொண்டுவந்தது. இன்னொன்று வாங்கலாம் என்று பேச்சு வந்தபோதெல்லாம், ஆளுக்கொன்று இருந்தால் ஆளுக்கொரு திசையில் நடப்போம் என்று ஜெபகனி தடுத்துவிட்டாள். அதனால் ஒரு சட்டம் தேவைப்பட்டது. போட்டவர் ஞானதாசன். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்காத மனிதர், சாட்சி இல்லாமல் பறவையை எப்படி ஏற்றுக்கொள்வார்? இருவரும் கண்டால்தான் அது பறவை. ஒருவர் மட்டும் கண்டது கள்ளப் பறவை, கணக்கில் வராது. ஆகவே கண்டவர் உடனே அடுத்தவர் கையில் பைனாகுலரைக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியவள் ஜெபகனி. கல்யாணமான புதிதில் மணக்குடிக் காயலில் அவள் ஒரு பூநாரையைக் கண்டாள். ஞானதாசன் அந்த நேரம் பார்த்துச் செருப்புச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருங்க! செக்கச்செவேல்னு காலு! ஒத்தக் காலுல நிக்கு!"

"எங்கட்டி?"

"அய்யோ, பறந்திட்டு."

"அப்போ அது கள்ளப் பறவ."

"நான் கண்டேங்கேன்!"

"நீ கண்ட. ஒத்தச் சாட்சிய வச்சு எந்தக் கோர்ட்டுல கேஸு நிக்கும், கனி?"

அன்று முதல் அந்தப் பூநாரை அவர்கள் வீட்டு வாசலில் ஒற்றைக் காலிலேயே நின்றது. கடைசிவரை அவர் அதைக் கணக்கில் சேர்த்து உள்ளே விடவில்லை.

3

இனி கருப்பு மரங்கொத்தி.

போன கோடையில் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். எஸ்டேட் பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது. அதை நிறுத்திவைக்க ஜெபகனி முன்னால் ஓடினாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில், கண்டக்டரோடு வழக்கு.

"ஆளு பின்னால வருகாரு, ஒரு நிமிசம்."

"காலை எடுங்கம்மா. இது எஸ்டேட் பஸ்சு, உங்க வீட்டுக் காரு இல்ல."

"எடுக்க மாட்டேன். எடுத்தா நீங்க போயிருவிய."

ஞானதாசன் வந்தார். ஓடி வரவில்லை. ஆராதனையில் திருவிருந்து எடுத்துவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறவர் போல, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார். பஸ் இரண்டு வளைவு இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார். காக்கை அளவு. உடம்பெல்லாம் கருப்பு, வயிறு வெள்ளை, தலை தீப்பிடித்தது மாதிரி சிவப்பு. பட்டுப்போன மரத்தில் அது கொத்தும் சத்தம் கதவைத் தட்டுகிறது போலக் கேட்டதாம். இருவரும் வருஷக்கணக்காகத் தேடிய பறவை.

"ஒரு விளி விளிக்கக் கூடாதா?"

"தோணல கனி."

"நின்னுதா, உடனே பறந்திட்டா?"

"நின்னுது. கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம் நின்னுதுன்னா, 'ஏட்டி'ன்னு ஒரு வார்த்த விளிக்க நேரமில்லியா? கண்டக்டர்கிட்ட ஏச்சு வாங்கிட்டு நான் அங்கனதானே நிக்கேன்?"

"தோணலட்டி. சத்தியமா."

"கள்ளப் பறவ" என்றாள் ஜெபகனி.

அவர் சிரித்தார். "சட்டம் சட்டந்தான்."

பறவையைத் தவறவிட்டதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை என்றாரே, அதுதான் குத்தியது. எதைக் கண்டாலும் முதலில் தன்னைத்தான் திரும்பிப் பார்ப்பார் என்று இத்தனை காலம் நம்பியிருந்தாள். சட்டமே அதற்காகத்தானே? ஐப்பசிவரை அந்தக் கேள்வியைச் சும்மா வைத்திருந்தாள். அதற்குப் பிறகு கேட்க ஆள் இல்லை.

(இந்தக் கதையில் தீர வேண்டிய வழக்கு இதுதான், மறந்துவிடாதீர்கள். கருப்பு மரங்கொத்தியை உள்ளே விடுவதா, வாசலிலேயே நிறுத்துவதா? கூடவே இன்னொரு சிக்கல். இருவரில் ஒருவர் போய்விட்டதால், சட்டப்படி ஜெபகனி இனி காண்பதெல்லாம் கள்ளப் பறவைதான். மதிலில் உட்காரும் காக்கைகூட. அதனால்தான் ஐப்பசிக்குப் பிறகு அவள் பைனாகுலரைத் தொடவில்லை.)

4

(எழுத எழுத ஞானதாசன் நல்லவராகிக்கொண்டே போகிறார். இறந்துபோனவர்களை எழுதினால் இது நடக்கும் போலிருக்கிறது. கொஞ்சம் சரிசெய்கிறேன்.)

கொண்டுபோகும் மட்டிப்பழச் சீப்பில் பாதிக்கு மேல் அவரே தின்பார். தோலை அவள் பையில் போடுவார். தன் கண்ணுக்குத் திருகிய பைனாகுலரை அப்படியே நீட்டுவார். ஜெபகனியின் கண்ணாடிக் கண்ணுக்கு எல்லாம் மஞ்சு மூடியது போலத் தெரியும். அவள் திருகிச் சரிசெய்வதற்குள் "கண்டியா? கண்டியா?" என்று தோளை இடிப்பார். அந்த இடியில் போன பறவைகள் ஏராளம்.

(இப்போது சரி. இவரைத்தான் எனக்குத் தெரியும்.)

அடுத்தது அன்னக்கிளி. பக்கத்து வீட்டுத் தையல்காரி. மே மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஞானதாசனின் பழைய ஸ்கூட்டரோடு வந்து நின்றவள். பைனாகுலர் பையையும் அவளே தூக்கி வந்திருந்தாள்.

"ஏறு யக்கா. எனக்குத் தாமரப்பூ வேணும், உனக்குக் காத்து வேணும். தேரூருக்குப் போவோம்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"அப்போ எனக்குத் துணைக்கு வா. ஒத்தையில குளத்துல இறங்கி முங்கிப்போனா எனக்க பிள்ளையளுக்கு நீயா சோறு போடுவ?"

(எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாஞ் சரி, என்னைக் கொஞ்சம் மெலிவாப் போடு யக்கா" என்றாள்.) மெலிந்த உடல்வாகு கொண்ட அன்னக்கிளி ஸ்கூட்டரை ஓட்டினாள்.

5

தேரூர் குளத்தில் தண்ணீர் வற்றி, தாமரை இலைகள் நெருங்கிக் கிடந்தன. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்த வாத்துகளெல்லாம் எப்போதோ போய்விட்டன. மிச்சம் இருப்பவை இந்த ஊர்ப் பறவைகள். கோடைக் கடைசியில்தான் அவற்றுக்குக் குடும்பம், சண்டை, பிள்ளை வளர்ப்பு எல்லாம். நீலத் தாழைக்கோழி ஒன்று தன் கறுத்த குஞ்சுகளைத் திட்டித்திட்டி நடத்திக்கொண்டு போனது. இலைமேல் இலைக்கோழி நடந்தது, நீண்டு வளைந்த கல்யாண வாலோடு.

"யக்கா, இதுக்கு வாலு எங்கன முடியுது?" என்று அன்னக்கிளி கூவினாள். தாமரைப்பூவை மறந்துபோனாள்.

ஜெபகனியின் கை தானாகப் பைக்குள் போனது. பைனாகுலரை எடுத்து, வாரைக் கழுத்தில் போட்டாள். அதன் திருகுசக்கரம் இன்னும் அவர் கண்ணுக்கே திருகியிருந்தது. ஒரு கணம் அதை அப்படியே விடலாமா என்று பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. திருகினாள்.

மறுகரையில் மொட்டைத் தென்னை நின்றது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பொந்து, வெறுங்கண்ணுக்கு ஒரு கரும்புள்ளி. பொன்முதுகு மரங்கொத்திகளின் வீடு. எத்தனையோ கோடையில் அவளும் அவரும் இதே கரையில் நின்று அதைப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சு முதன்முதலாக வெளியே வருவதை மட்டும் கண்டதில்லை. ஒரு ஞாயிறு தலை தெரியும். அடுத்த ஞாயிறு பொந்து காலியாக இருக்கும்.

தாய்ப்பறவை வந்தது. முதுகில் வெயில் பட்டுப் பொன்னாக மின்னியது. அலகில் இரையோடு பொந்துக்குப் போகாமல், கொஞ்சம் தள்ளித் தண்டில் ஒட்டிக்கொண்டு கத்தியது. வேண்டுமென்றால் நீ வா என்பது போல.

பொந்தில் ஒரு தலை. கொண்டை சிலிர்த்த, பயந்த, பிடிவாதமான தலை.

"அய்யோ, இன்னைக்குத்தான்!" ஜெபகனி தரையில் காலை உதைத்தாள். "இன்னைக்குத்தான், அன்னம்!"

"என்ன இன்னைக்கு? ஒரு பொந்துக்கா இந்தக் குதி குதிக்க?"

தலை உள்ளே போனது. வந்தது. கழுத்து வந்தது. தாய் இன்னும் ஒரு சாண் தள்ளிப் போய்க் கத்தியது.

"யக்கா, எனக்குத் தெரியல்ல. குடு, பாக்கட்டு."

"இரு."

"ஏ யக்கா, தின்னுகிட்டா இருக்க? குடு!"

"இரு, இரு, இரு."

தோள் வந்தது. ஒரு சிறகு வெளியே வந்து விரிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மரத்தில் அடித்தது. குஞ்சு முழு உடம்பையும் முன்னால் தள்ளி, கீழே தண்ணீரைப் பார்த்து, காலை

(நிறுத்துகிறேன்.)

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

முதல் முடிவு: அந்தக் கணத்தில் மலையிலிருந்து கருப்பு மரங்கொத்தி இறங்கி வந்து மொட்டைத் தென்னையில் உட்காருகிறது. ஜெபகனி அதைக் கண்டு கண்ணீர் விடுகிறாள். (அது காட்டுப் பறவை, தேரூருக்கு வராது. ஒரு வரி எழுதி நான் அதை வரவழைக்கலாம். அப்புறம் ஞானதாசன் போன இடத்திலும் கடைக்கதவைப் பூட்டிவிட்டு, சாட்சி எங்கே என்று கேட்க வருவார்.)

இரண்டாவது முடிவு அன்னக்கிளி தந்தது. திரும்பும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே தந்தாள்.

"யக்கா, நானும் கண்டேன்னு எழுதிக்கோ. ரெண்டு பேரு ஆச்சுல்லா?"

"நீதான் காணலியே."

"நீதான் குடுக்கலியே! வாய்விட்டுக் கேட்டேன்லா? பக்கத்துல முட்டிக்கிட்டுதானே நின்னேன்? ஏன் குடுக்கல்ல?"

ஜெபகனி வாயைத் திறந்தாள். கிடைத்தது ஒரே ஒரு சொல்.

"தோணல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவளுக்குக் கேட்டது.

"வண்டிய நிறுத்து அன்னம். நிறுத்துட்டீ!"

வயல் ஓரத்தில் வண்டி நின்றது. ஜெபகனி இறங்கி, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியாமல், சத்தமாகச் சிரித்தாள். எதிரே சைக்கிளில் வந்தவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன யக்கா? பேய் கீய் பிடிச்சிட்டா?"

"அவருக்குந் தோணலட்டி! சத்தியமாத் தோணல!"

"ஆருக்கு?"

"கண்ண எடுக்க முடியாதுட்டி அன்னம். பக்கத்துல ஆரு நின்னாலும் முடியாது. அவரு நெசந்தான் சொன்னாரு!"

இப்படியாகக் கருப்பு மரங்கொத்தி உள்ளே வந்தது. காக்கை அளவு, வெள்ளை வயிறு, சிவந்த தலை. ஒற்றைச் சாட்சியோடு அனுமதிக்கப்பட்ட முதல் பறவை.

(பூநாரை? அதை உள்ளே விடும் அதிகாரம் அவருடையது. அது வாசலிலேயே நிற்கட்டும். எனக்கு அது அங்கே நிற்பது பிடித்திருக்கிறது.)

7

அடைப்புக்குறியை எடுத்துவிடுகிறேன்.

அந்தக் குஞ்சு பறந்ததா, தண்ணீரில் விழுந்ததா, பயந்து உள்ளே திரும்பியதா என்று எனக்குத் தெரியும். நான் கண்டேன். ஆனால் நான் சொன்னால், நீங்கள் என் வார்த்தையை மட்டும்தான் வைத்திருப்பீர்கள். அது எனக்குப் போதாது. ஒருமுறை பக்கத்தில் நின்றவளுக்குக் கொடுக்காமல் போனேன். இரண்டாவது முறையும் கொடுக்காமல் போனால் சட்டத்துக்கு என்ன மரியாதை?

அதனால்தான் அதைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவைத்திருக்கிறேன். இன்னும் அங்கேயே இருக்கிறது, ஒரு காலைத் தூக்கியபடி. அதிக நேரம் தாங்காது.

இந்தாருங்கள். வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், விழுந்தால் உடைந்துவிடும். சக்கரம் என் கண்ணுக்குத் திருகியது, உங்கள் கண்ணுக்குத் திருகிக்கொள்ளுங்கள். நான் தோளை இடிக்க மாட்டேன். மறுகரை. மொட்டைத் தென்னை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே. தோள் வெளியே இருக்கிறது, ஒரு சிறகு வெளியே இருக்கிறது, தாய் கத்துகிறது.

சீக்கிரம்.

கண்டியளா?