தலை இருக்கு, வால் இருக்கு

காத்தமுத்து வந்ததும் வராததுமாகத் திரவ நைட்ரஜன் கேனைத் திறந்து, விந்துக் குழல்கள் இருந்த கூடையைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி போனில் பேச ஆரம்பித்தார். அகரத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட அவரை விட்டால் ஆளில்லை. அந்தத் திமிர் அவர் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. சகாயசெல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து விநாடிக்கு மேல் வெளியே இருந்தாலே விந்து கெட ஆரம்பிக்கும்; இவர் பிடித்திருந்தது நாற்பது விநாடி! கல்லூரியில் பதினோரு வருடமாக விலங்கியல் நடத்துகிறவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பருவத்துக்கு வந்திருந்த செவலைப் பசுவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இந்த முறையும் தவறினால் சந்தைக்கு ஓட்டிவிடுவதாகக் கணவன் சேவியர் சொல்லிவிட்டார். வறட்டு மாட்டை அங்கே கறிக்கடைக்காரரைத் தவிர யார் வாங்குவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் கல்லூரி மைக்ரோஸ்கோப்பைக் கட்டைப்பையில் தூக்கி வந்திருந்தாள்.

“அண்ணே, போடுறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு பாத்துக்கிறேன்.”

“இருபது வருச சர்வீஸு டீச்சரம்மா,” என்று இளித்தபடி ஒரு குழலை வெதுவெதுப்பான நீரில் போட்டெடுத்துக் கொடுத்தார்.

லென்ஸுக்கு அடியில் நூற்றுக்கணக்கான உயிரணுக்கள். ஒன்றுகூட அசையவில்லை. அவரையும் பார்க்கச் சொன்னாள்.

“தலை இருக்கு, வால் இருக்கு. ஒண்ணும் ஒடையலையே. வேற என்னா வேணும்?”

உருவம் இருந்தால் போதுமா? உறைகுளிரில் மூலக்கூறுகளின் ஆட்டம் அடங்கிக் கிடக்கும். முறையாகச் சூடேற்றினால் ஆட்டம் திரும்பும், வால் துடிக்கும். பாதி இளகி மறுபடி உறைந்தால் பனித்துகள் பெருத்துச் சவ்வைக் கிழித்துவிடும். இந்தத் தடித்தோலுக்கு எதைச் சொல்லி என்ன? தானும் தேர்வுத்தாளில் படத்துக்குத் தலை, வால் குறித்தால் மதிப்பெண் போடுகிறவள்தானே என்று தோன்றியது. அந்த எரிச்சலையும் அவர்மேலேயே ஏற்றினாள்.

இன்னும் மூன்று குழல் பார்த்தார்கள். அசைவே இல்லை.

“இன்னைக்கு எத்தனை மாட்டுக்குப் போட்டீங்க?”

“ஒம்பது.” குரல் இறங்கியிருந்தது.

போன் அடித்தது, பக்கத்து ஊரிலிருந்து இன்னொரு மாட்டுக்காரர். “எரியோடா? செத்த நேரத்துல வாரேன்.”

“செத்துப்போனதத் தூக்கிட்டு எங்கண்ணே போறீங்க?”

“கூப்புடுறாங்கல்ல,” என்று கேனை பைக்கில் கட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினார்.

“ஊசி போட்டாச்சா?” உள்ளிருந்து சேவியர் கேட்டார். பைக் போன திசையில் முகத்தைத் திருப்பி, கழுத்து புடைக்கக் கத்திக்கொண்டிருந்தது செவலை.