விசாரணை அறையில் சொன்னது

டைல்ஸ் மேஸ்திரி என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். அவர் போட்ட தரையில் கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போன பிறகும் அவருடைய வீறாப்பு மட்டும் போகவில்லை.

உடல் முடியாதவர்களுக்கான அரசு உதவித்தொகையில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து தரலாமா என்று பார்க்க ஆய்வாளர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை மேஸ்திரி மனைவியிடம் முகம் மழித்துவிடச் சொன்னார். தேய்த்த சட்டையைப் போட்டுப் பொத்தான் மாட்டிவிடச் சொன்னார். அவள் கண் மருத்துவமனையில் கூட்டித் துடைக்கிறவள். லீவு கிடைக்கவில்லை. எல்லாம் செய்து, வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள்.

ஆய்வாளர் வந்ததும் மேஸ்திரி கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறார். "வீட்ல உங்களை யாரு பாத்துக்கறாங்க?" என்ற கேள்விக்கு, "என்னைப் பாக்க எதுக்கு ஆளு? என் வேலைய நானே பாத்துக்குவேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதமே உதவித்தொகை நின்றுவிட்டது.

அவள் இலவச சட்ட உதவி மையத்தைத் தேடிப் போனாள். அது ஜெராக்ஸ் கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டு ஏறிப் போகவேண்டிய அறை. "நடக்க முடியாதவங்களுக்கு உதவறதுக்குன்னே இடம் பாத்துப் பிடிச்சிருக்கீங்க" என்றாள் மூச்சு வாங்கியபடி. அங்கிருந்த வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதை முழுவதையும் கேட்ட பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"உங்க வீட்டுக்காரர் கௌரவமா பேசிருக்காரும்மா. அவங்க அதையே புடிச்சுக்கிட்டாங்க. மேல்முறையீடு போடலாம். ஆனா விசாரணைல உள்ளது உள்ளபடி சொல்லணும். அவரு சொல்லணும், இல்லன்னா நீங்க சொல்லணும்."

"அவரு சொல்லமாட்டாரு."

"அப்ப நீங்க?"

அவள் மேல்முறையீட்டு மனுவை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

விசாரணை நாளில் அவரை இறக்கி ஏற்ற ஆள் வேண்டியிருந்தது. கட்டிக்கொடுத்த மகள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பாவுக்குக் கொஞ்சம் கை கால் இழுத்துக்கொள்கிறது என்ற அளவில்தான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியக்கூடாது என்பது மேஸ்திரியின் கட்டளை. மகள் வரும் நாட்களில் எல்லா வேலையும் முடிந்து, போர்வை போர்த்தி, ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார்.

விசாரணை அறை வாசலில் கைத்தடியை மகளிடம் நீட்டினார். "இது வேணாம்."

"அப்பா, விழுந்துடுவீங்க."

"நான் பாத்துக்கறேன்."

இரண்டு எட்டு வைப்பதற்குள் உடம்பு சரிந்தது. வக்கீலம்மா தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"நீங்களே குளிச்சுக்குவீங்களா?"

"குளிப்பேன்."

"சட்டை போடறது?"

"போட்டுக்குவேன்."

"கழிவறைக்குப் போறது?"

"அதுக்கென்ன? போவேன்."

வக்கீலம்மா மேஸ்திரி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி கணவரைப் பார்க்காமல், மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரு சொல்றது எதுவும் உண்மை இல்லைங்க. குளிக்கவைக்கிறது நான்தான். சட்டைல ஒரு பொத்தான்கூட அவரால மாட்ட முடியாது. சோறு பிசைஞ்சு வெச்சாதான் இடது கையால எடுத்து சாப்பிடுவாரு. நான் வேலைக்குப் போயிட்டா, வர்ற வரைக்கும் தண்ணி குடிக்கமாட்டாரு. குடிச்சா போகணுமே, அதுக்காக. ஒரு நாள் தாங்க முடியாம போயிருக்காரு. கழிவறைக்கும் சுவத்துக்கும் நடுவுல விழுந்துட்டாரு. நான் சாயங்காலம் வர்ற வரைக்கும் அப்படியே கிடந்தாரு, அதுலயே. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல. கழுவிவிடறப்ப, யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினாரு."

 மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள். மேஸ்திரி தலையைக் குனிந்து தரையையே பார்த்தார். அங்கே டைல்ஸ் கோணலாகப் போட்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

உத்தரவு சாதகமாக வந்தது. நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்துத் தந்தார்கள். ஆனால் விசாரணை நாளிலிருந்து அவர் மனைவிக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. குளிப்பாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். மகள் இப்போது வாராவாரம் வருகிறாள். அப்பாவுக்கு நகம் வெட்டிவிட உட்காருவாள். அவர் கையைக் கொடுப்பார், முகத்தைக் கொடுக்கமாட்டார்.

நன்றி சொல்ல மையத்துக்குப் போனபோது வக்கீலம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் பாக்க வருவாங்கம்மா. அதுதான் விதி."

"செத்த பக்கம் மறுபடியும் முளைச்சிருக்குமான்னு பாக்கவா?"



வீட்டுக்கு வந்து, அவருக்குச் சோறு பிசைந்து வைத்தபடியே அதைச் சொன்னாள். மறைத்து வைத்து மறுபடியும் மாட்டிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு, அத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக, அவளைப் பார்த்துப் பேசினார்.

"அடுத்த தடவை நானே சொல்லிக்கறேன். நீ உள்ள வராத. பொண்ணையும் கூட்டிட்டு வராத."

கோபமா, சமாதானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "சரி, சாப்பிடுங்க" என்றாள். அவர் இடது கையைத் தட்டுக்குக் கொண்டுபோனார்.